துணிக் கதவு போட்ட கார்

என் அக்காவைக் கட்டிக்கொண்டு, அந்தக் காரை என் தலையில் கட்டிவிட்டுப் போன அன்புள்ள பாவாவுக்கு,

உங்கள் மச்சான் ரத்தினம் எழுதிக்கொள்வது. இந்தக் கடிதத்தை எந்தத் தபால்பெட்டியிலும் போட முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் ஊரே படிக்கட்டும் என்று திறந்தபடியே எழுதுகிறேன். நம் தெருவில் யார் வீட்டுக் கடிதத்தை யார் படிக்காமல் விட்டிருக்கிறார்கள்?

முதலில் வீட்டு விஷயம். அக்கா நன்றாக இருக்கிறாள். தறிகள் ஓடுகின்றன. என் அப்பா, நம் நைனாவுக்கு மூட்டுவலி, ஆனால் வாய்க்கு ஒரு வலியும் இல்லை. இனி கார் விஷயம். அதைக் கேட்கத்தானே காத்திருக்கிறீர்கள்?

சொல்கிறேன். ஆனால் படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா, அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்களால் குறுக்கே பேச முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் சௌகரியம், நிறைய வருத்தம்.

நான் அரக்கோணம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். அங்கே எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்த மெல்வின் துரை, வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். அவருடைய சின்னப் பச்சைக் காரை விற்றுவிட்டுப் போக வேண்டியிருந்தது. இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது. சீமையில் பந்தயம் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி, தரையோடு தரையாக இருக்கும். நான் வீட்டுக்கு வந்து ஒரு பெருமூச்சு விட்டேன், அவ்வளவுதான். மறுநாளே நீங்கள் ரயிலேறிப் போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தீர்கள்.

"இத வாங்கி இன்னா பண்ணப் போறீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"ரெண்டு பேரா குந்திக்கினு ஊரச் சுத்தத்தான்" என்றீர்கள்.

அக்கா வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள். அந்த இரண்டாவது ஆள் நான்தான் என்பது தெரிந்ததும் அவள் உங்களோடு பேசாமல் இருந்தது நினைவிருக்கிறதா?

அந்த வருஷம் நாம் சோழவரத்துக்குப் போய்ப் பந்தயம் பார்த்தோம். பழைய விமான ஓடுதளம், மண்டையைப் பிளக்கிற வெயில். ஓட்டுகிறவர்கள் எல்லாம் மெட்ராஸ், பெங்களூர், கோயமுத்தூர்க்காரர்கள். வண்டிக்கு ஒரு மெக்கானிக், அந்த மெக்கானிக்குக் குடை பிடிக்க ஒரு ஆள். நான் வாயைப் பிளந்துகொண்டு எஞ்சின்களைப் பார்த்தேன். நீங்களோ ஒவ்வொரு வண்டியின் கதவையும் விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். கைத்தறிக்காரருக்குக் கதவில் என்ன வேலை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் சொன்னீர்கள்: "ஒரு தடவையாவது நம்ம வண்டி அங்க ஓடணும் மச்சான். நம்ம கையால செஞ்ச வண்டியா ஓடணும்."

அதற்கப்புறம் உங்களுக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

ஆனால் வண்டியோ பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகை தாண்டுவதற்குள் கொதித்துவிடும். அங்கே டீக்கடையில் ரேடியேட்டர் ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்துதான் நம் திட்டம் எல்லாம் உருவானது. எனக்கு எஞ்சின்மேல் கண்.

"பாவா, இன்னொரு கார்புரேட்டர் மாட்டுனா வண்டி பறக்கும்."

"அது குடிக்கிற பெட்ரோலுக்கு உங்க நைனா குடுப்பாரா?"

"அப்ப இன்னாதான் பண்றது?"

"வெயிட்ட எறக்கலாம். புதுசா மாட்டுனாதான துட்டு? கழட்டிப் போடறதுக்கு எவனும் துட்டு கேக்க மாட்டான்."

"அப்ப மொதல்ல நீங்க ரெண்டு பேரும் எறங்குங்க, பாதி வெயிட்டு போயிடும்" என்றார் டீக்கடைக்காரர். நீங்கள் சிரித்த சிரிப்பில் டீ மூக்கிலேறியது.

நம் பட்ஜெட்டுக்கு நீங்கள் வைத்த சட்டம் ஒன்றுதான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்களுக்காக நெய்யும் மஞ்சள் துண்டிலும் காவித் துண்டிலும் செலவு போக மிஞ்சுவது எதுவோ அது வண்டிக்கு. சேலைக் காசைத் தொடக் கூடாது. அது அக்காவின் வீட்டுச் செலவு. அதனால் நாம் செய்த எல்லாமே சின்னச் சின்ன வேலைகள். பம்பரைக் கழற்றினோம். ஸ்டெப்னியைக் கழற்றினோம். அரக்கோணத்து லேத்துப் பட்டறையில் எஞ்சின் ஹெட்டைக் கொஞ்சம் சீவிக்கொண்டு வந்தேன், இழுவை கூடியது. மெட்ராஸ் புதுப்பேட்டையில் அலைந்து நல்ல பிரேக் லைனிங் பிடித்து வந்தோம். கனமான ஸ்பிரிங் சீட்டைத் தூக்கிவிட்டு, இரும்புச் சட்டத்தில் கட்டிலுக்குப் பின்னுவது போல நாடா பின்னி நீங்கள் ஒரு சீட்டு செய்தீர்கள். உலகத்திலேயே நாடாக் கட்டிலில் உட்கார்ந்து ஓட்டுகிற பந்தயக் கார் நம்முடையதாகத்தான் இருக்கும்.

பிறகுதான் அந்தக் கதவு. தகரக் கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டு, மெல்லிய மூங்கில் சட்டத்தில் காடாத் துணியை இழுத்துக் கட்டி, தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது போலவே அரிசிக் கஞ்சியை நாலைந்து பூச்சு பூசிக் காயவைத்தீர்கள். பலகை போல விறைத்துக்கொண்டது. ஒற்றை விரலால் தூக்கிக் காட்டினீர்கள். நான் கேலி செய்தேன். ஆனாலும் நம் திருத்தணி மலைக்குப் போகும் தார்ச்சாலையில், முன்பு இரண்டாவது வளைவிலேயே முனகுகிற வண்டி அன்றைக்கு ஒரே மூச்சில் ஏறியபோது என் வாய் அடைத்துப்போனது. மேலே மொட்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். நாவிதர் கத்தினார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு நடந்தது. இறங்கி வந்து, அடிவாரத்தில் குளத்துப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, தேங்காய் உடைக்க ஒரு நடை போனோம். வந்து பார்த்தால் ஒரு கறவை மாடு உங்கள் பக்கத்துக் கதவை முக்கால்வாசி தின்று முடித்துவிட்டு, மூங்கில் சட்டத்தை நக்கிக்கொண்டிருந்தது. அரிசிக் கஞ்சியாயிற்றே, விடுமா? தறிக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் வராத யோசனை, வேறு யாருக்கும் நேராத கதி. "மாடு தின்ன காரு" என்று ஊருக்குள் பேர் வந்தது. பஸ் கண்டக்டர்கள்கூட, "அண்ணே, இன்னிக்கு வண்டிக்கு வைக்கோல் வெச்சீங்களா?" என்று கேட்டார்கள். எனக்கு ஷெட்டில் முகம் காட்ட முடியவில்லை.

உங்களுக்கு மட்டும் வெட்கமே வரவில்லை பாவா. அது எப்படி? சாயம் பிடிக்கத் துணியை ஊறவைக்கும் படிகாரத்தை எடுத்தீர்கள். புளியங்கொட்டையை அரைத்துப் பசை காய்ச்சி, அதில் பூச்சி வராமல் இருக்கப் போடும் மயில்துத்தத்தையும் கரைத்தீர்கள். துணியைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து, பசையைப் பூசி, ஒரு துண்டைக் கொண்டுபோய் அதே மாட்டின் முன்னால் நீட்டினீர்கள். மாடு முகர்ந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி ஓடிவந்து எனக்குச் சொன்னீர்கள். இரண்டு கதவையுமே இப்படிப் புதிதாகச் செய்வது என்று முடிவு; இடது கதவைச் செய்து முடித்தீர்கள். சுண்டினால் பம்பை மேளம் போலச் சத்தம் கேட்டது.

வலது கதவுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆவணியில் ஒரு காலையில், தறியில் பாவு நூல் பிணைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அந்தக் காரில்தான் உங்களை அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அன்றைக்கு ஓட்டிய வேகத்தில் நான் அதற்கு முன்னாலும் ஓட்டியதில்லை, பின்னாலும் ஓட்டவில்லை. அப்படியும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

வண்டி கொட்டகையில் ஓலைப்பாய் மூடிக் கிடந்தது. கார்த்திகையில் மெட்ராஸிலிருந்து ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டு வந்தார். நல்ல மனிதர்தான். "எஞ்சின் அருமை. இந்தத் துணி, நாடா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு நான் பழையபடி ஆக்கிக்கறேன்" என்றார். அக்கா அவருக்குக் காபி கொடுத்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு, "விக்கிற மாதிரி இல்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

"ஏன்க்கா?" என்றேன்.

"ரேஸுக்கு யாரு ஓட்டிக்கினு போறது? நீதான?"

கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிறகு, சரி, ஓட்டுவதென்றால் கொஞ்சம் மானமாக ஓட்டலாம் என்று, "பழைய தகரக் கதவையே மாட்டிடறன்" என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"தகரக் கதவு மாட்டுனா அது உன் வண்டி ரத்தினம். துணிக் கதவு மாட்டுனாதான் அவரு வண்டி."

வலது கதவை அவளே செய்தாள். துணியை அவளே நெய்தாள். சாதாரணக் காடாவைவிட இழை நெருக்கமாக, அடித்து அடித்து நெய்தாள். படிகாரத்தில் ஊறவைத்தாள், புளியங்கொட்டைப் பசையைக் கொல்லையில் காய்ச்சினாள். அந்த நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "கழட்டிக்கினு வூட்டுக்குள்ள வந்துடு" என்றாள். நீங்கள் சொல்கிற மாதிரியே சொன்னாள். நான் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் பார்த்துக்கொண்டேன். கார்புரேட்டர் ஒன்றே ஒன்றுதான் பாவா, சத்தியமாக.

பந்தயத்துக்கு அவளும் வருகிறேன் என்றபோதுதான் நைனா எழுந்து உட்கார்ந்தார்.

"வருசம் திரும்பல. அதுக்குள்ள வாசப்படி தாண்டுறதா? ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரு ஏற்கெனவே சொல்லிக்கினுதான் கீது நைனா, மாடு தின்ன காருன்னு. அத மாத்திட்டு வந்துடறன்."

நைனா எழுந்து உள்ளே போனார். பிறகு குடையை எடுத்து வந்து சீட்டில் வைத்தார். "வெயிலு ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னார். நைனா அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

உங்கள் சீட்டில் அக்கா உட்கார்ந்துகொண்டாள். திருவள்ளூர் ரோட்டில் கரும்பு ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டிகள் எதிரே வந்தன. ஒரு மாடும் நம் கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைக் கவனித்துவிட்டு அக்கா சிரித்தாள். ஆவணிக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சோழவரத்தில் ஓட விடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வண்டியையும் சோதிப்பார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் வந்தார். பிரேக்கை மிதித்துப் பார்த்தார், திருப்தி. ஸ்டீயரிங், திருப்தி. கதவில் கை வைத்தார். நின்றுவிட்டார்.

"என்னப்பா இது, துணியா?"

"ஆங், துணிதாங்க."

"எஞ்சின்லேர்ந்து ஒரு பொறி பறந்தா கற்பூரம் மாதிரி பத்திக்குமே. நீ உள்ள மாட்டிப்பே. தப்பா நினைச்சுக்காதே தம்பி, தகரக் கதவு போட்டுண்டு அடுத்த வருஷம் வா."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு அழுகையாக வந்தது. பாவா, இத்தனை பாடும் இதற்குத்தானா? இவ்வளவு தூரம் வந்து, ஓடாமலே திரும்பவா? அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் பையைத் திறந்தாள். வழியில் கதவு கிழிந்தால் ஒட்டுப் போட என்று வெட்டி எடுத்து வந்த துண்டுகள் அதில் இருந்தன. ஒன்றைக் கொண்டுபோய்ப் பெரியவர் கையில் கொடுத்தாள்.

"கொளுத்திப் பாத்துட்டு சொல்லுங்க ஐயா. எரிஞ்சா நாங்களே போயிடறோம்."

அவளுக்கு எரியாது என்று தெரியுமா? தெரியாது. பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டாள். எரிந்தால் எரியட்டும், கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற ரோஷம்தானாம்.

பெரியவர் பெட்ரோல் வாடை இல்லாத இடமாகத் தள்ளிப் போய்த் தீக்குச்சியைக் கிழித்தார். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை. திறந்து பார்த்தால், துணி ஓரத்தில் கறுத்திருந்தது, புகைந்தது, அணைந்துபோனது. அவர் இன்னொரு குச்சியைக் கிழித்தார். மறுபடியும் கறுத்தது, அணைந்தது.

"இதுல என்னம்மா போட்டிருக்கீங்க?"

"படிகாரம்ங்க. புளியங்கொட்டை, மயில்துத்தம்ங்க."

"அடேயப்பா. தீப்பிடிக்காம இருக்கறதுக்கா?"

"இல்லீங்க. மாடு தின்னாம இருக்கறதுக்கு."

அந்தக் கூட்டம் சிரித்ததைப் பாருங்கள்! பெரியவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு சிரித்தார். நம் ஊர்ச் சிரிப்பில் இருந்த குத்தல் அதில் இல்லை. சிரித்து முடித்து, "ஓட்டுப்பா" என்று என் முதுகில் தட்டினார்.

ஓட்டினேன். ஜெயிக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நேர்ப்பாதையில் பெரிய எஞ்சின்காரர்கள் என்னைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். ஆனால் திருப்பங்களில் அவர்கள் பிரேக்கை மிதித்து வண்டியோடு மல்லுக்கட்டுகிற நேரத்தில், நம் வண்டி தறியில் ஓடம் பாவு நூலுக்கிடையில் நுழைவது போல உள்ளே நுழைந்து வெளியே வந்தது. போனவர்களில் சிலரைத் திரும்பத் திரும்பப் பிடித்தேன். கார்புரேட்டரா, வெயிட்டா என்று கே.ஜி.கண்டிகை டீக்கடையில் நடந்த சண்டையில் நியாயம் உங்கள் பக்கம்தான் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் தெரிந்தது. கொதிக்காமல், நிற்காமல், கதவு கிழியாமல் கடைசிவரைக்கும் ஓடி முடித்தேன். எனக்குப் பின்னாலும் வண்டிகள் இருந்தன பாவா! அதைச் சத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் மைக்கில் பேசுகிறவர் ஓடி வந்தார். துணிக் கதவு விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. "இந்த வண்டிய இப்படிச் செஞ்சது யாரு? பேரச் சொல்லுங்க, மைக்குல சொல்லணும்" என்றார். எனக்கு மூச்சு வாங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள், "ஆங், நான் சொல்றன்" என்றாள் அக்கா.

நம் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். உங்களுக்கு வைத்தது மலைமேல் இருப்பவர் பேராகப் போய்விட்டதால், அக்கா சாமியைக்கூட அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என் பக்கம் கையைக் காட்டிவிடுவாள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள்.

"தணிகாசலம்" என்றாள்.

அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது. அக்கா இன்னும் சத்தமாகச் சொன்னாள்: "தணிகாசலம்ங்க. என் வூட்டுக்காரரு. திருத்தணி."

அப்புறம் அந்த ஓடுதளம் முழுவதும் அந்தப் பேர் ஒலிபெருக்கியில் போனது. அக்கா குடையை மடக்கிவிட்டு வெயிலில் நின்று கேட்டாள். எனக்குத் தெரிந்து என் வாழ்நாளில் நான் இவ்வளவு பெருமைப்பட்டது கிடையாது. உங்களால் பெருமையா, அவளால் பெருமையா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. உங்களுக்குக் கேட்டதா பாவா?

ஊருக்குத் திரும்பியதும், கதவில் உங்கள் பேரைப் பெயின்ட்டில் எழுதிவிடலாம் என்று ஆள் கூட்டி வந்தேன். அக்கா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"பெயின்ட்டுல எழுதுனா வெயிட்டு ஏறும். அவரு ஒத்துக்க மாட்டாரு. அடுத்த கதவுத் துணியில பேரயே சேத்து நெய்ஞ்சிடறன். நூலோட நூலா போயிடும், வெயிட்டே தெரியாது."

தறியில் இப்போது அந்தத் துணிதான் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் எழுத்து வந்துவிட்டது. அது முடிந்ததும் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பசை பூசி, அடுத்த மாசியில் சோழவரத்துக்கு ஓட்டிக்கொண்டு போவேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. உங்கள் பேரைச் சுமந்துகொண்டு போவதால் அந்த வண்டி ஒரு குன்றிமணிகூடக் கனக்காமல் பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் பெண்டாட்டிக்குத் தம்பியாகப் பிறந்ததிலும், உங்களுக்கு மச்சானாக வாய்த்ததிலும் தலை நிமிர்ந்து நடக்கும்
ரத்தினம்